சொல்லாமல் இருக்கலாமா?

என் மகன் பேப்பர் கப்பில் பாசிப்பயறு போட்டிருந்தான். முளைக்கவில்லை. ‘ஏன்ப்பா?’ என்றான். ‘தண்ணி அதிகம்டா!’ என்றேன். அவ்வளவுதான், கப்பை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பதில் சரி. செய்தது தப்பு.

அமெரிக்கத் தாவரவியல் சங்கம் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் செடி வளர்த்துச் சோதனை செய்வார்கள். எங்கோ இருக்கும் தாவர விஞ்ஞானி இணையம் வழியே கூட வருவார். விடை சொல்ல அல்ல; ‘அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம்?’ என்று கேட்க.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கஞ்சத்தனம் இல்லையா?

நம்ம கொல்லிமலையைப் பாருங்கள். ஆலத்தூர் நாடு மாதிரி பல நாடுகள் கொண்ட மலை. மரவள்ளி பரவ, சாமையும் தினையும் சுருங்கின. ‘சிறுதானியம் சத்து, பயிரிடுங்க’ என்று உபதேசிப்பது சுலபம். 1990-களில் அங்கே போன எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர், மலையாளி பழங்குடி மக்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு சிக்கல் வயலில் இல்லை, உரலில் இருந்தது! சாமையைக் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். உமி நீக்கும் மெஷின்கள் வந்தன. எந்த ரகம் தேவலை என்பதையும் விவசாயிகளே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் யார் வாத்தியார், யார் மாணவர்?

பாம்பு கடித்தவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே பதில்தான் தர்மம். மற்ற இடங்களில், அவசரமாகக் கொடுக்கும் பதில் அடுத்தவர் யோசனையைத் திருடுவதுதான்.

‘இன்னொரு கப் வைப்போமா? எவ்வளவு தண்ணி ஊத்தலாம்?’ என்றேன் மகனிடம். யோசித்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.