நல்ல கல் எது?

தார்ச்சாலைக்கு வரும் ஜல்லியை ‘நல்ல கல்’ என்று சான்றளிக்கும்போது உண்மையில் சொல்லப்படுவது என்ன? நன்மை என்பது கல்லுக்குள்ளேயே உறைகிற குணமா, அல்லது கல்லும் தாரும் மழையும் லாரிச் சக்கரமும் சேருமிடத்தில் பிறப்பதா?

ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒன்றை வாசலில் பதித்து மிதிப்பதையும் மற்றொன்றுக்குப் பூவும் நீரும் இட்டு வணங்குவதையும் சித்தர் சிவவாக்கியர் பாடினார். அவர் கேட்டது வழிபாட்டைப் பற்றி. ஆனால் அந்தக் கேள்வி ஜல்லிக்கும் பொருந்தும். பல்லாவரத்துப் பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ என்ற பெயர், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லால் வந்தது. அங்கே நினைவுக்கல், சென்னைப் பக்கம் அதே பாறை சாலைக்கு ஜல்லி.

கல்லின் தேய்மானத்தை அளக்க லாஸ் ஏஞ்சலிஸ் உருளை பயன்படுகிறது. 20 முதல் 10 மி.மீ. வரையிலான ஜல்லி 5 கிலோ எடுத்து, 11 இரும்புக் குண்டுகளோடு உள்ளே போட்டு 500 சுற்று சுற்றுகிறார்கள். உள்ளே போகும்போது கையைக் கீறும் முனைகளோடு இருந்த கல், வெளியே வரும்போது ஆற்றுக் கூழாங்கல்போல மழுங்கியிருக்கும்; தட்டில் சாம்பல்நிறத் தூள் குவியும். 1.7 மி.மீ. சல்லடை வழியே இறங்கிய தூளின் எடை எத்தனை சதவீதம் என்பதே விடை. இந்திய நெடுஞ்சாலை விதிகளின்படி பிட்டுமினஸ் கான்கிரீட் மேல்தளத்துக்கு அது 30-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு அடியில் போடும் டென்ஸ் பிட்டுமினஸ் மெக்கடம் (டி.பி.எம்.) அடுக்குக்கோ 35 வரை இடமுண்டு. அப்படியானால் 33 சதவீதம் தேய்ந்த கல் நல்லதா, கெட்டதா? மேலே கெட்டது, கீழே நல்லது. கல் மாறவில்லை, இடம்தான் மாறியது.

கடினம் மட்டும் போதும் என்ற எண்ணத்தைத் தண்ணீர் இன்னும் தெளிவாக உடைக்கிறது. சிலிக்கா மிகுந்த கருங்கல் வகைகள் பல, அடிக்கு அசையாதவை. ஆனால் தாரைவிட நீரை அதிகம் விரும்புபவை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி வெப்ப நீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால், சிலவற்றில் தார் சுருங்கி விலகிக் கல் வெளுத்துத் தெரியும். மேல்தளத்துக்குக் குறைந்தது 95 சதவீதப் பூச்சு நிலைக்க வேண்டும். நிலைக்காத கல்லோடு 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் பிடிப்பு கூடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் கதை தலைகீழ்: தாரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் டயர் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிடும். ஆகவே நன்மை உறவில் பிறக்கிறது என்பதே வலுவான பக்கம். அதற்காக அது வெறும் கருத்தல்ல. ஒவ்வோர் உறவையும் அளக்க முடியும்.

இதைவிடக் கடினமான சிக்கல் அறிவைப் பற்றியது. உருளையில் போட்ட கல் தூளாகிவிட்டது. அது சாலைக்குப் போவதில்லை. சாலைக்குப் போகும் கல்லோ சோதிக்கப்படவே இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி கண்கூடாகக் கண்டதை மட்டும் ஏற்றுக் கருத்தளவை, அதாவது அனுமானத்தை, மறுக்கிறான். அவன் வழி நின்றால் எந்தச் சாலைக்கும் சான்று தர இயலாது. எல்லாக் கல்லையும் சோதித்தால் போடக் கல்லே மிஞ்சாது. நியாய மரபின் உதயணர் இதற்குத் தந்த பதில் இன்றும் உறுதியானது: ஐயத்துக்கும் எல்லை உண்டு, ஐயப்படுபவனின் செயலே அந்த ஐயத்தை மறுக்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அனுமானத்தை ஏற்காதவனும் நேற்றைய சாலையை நம்பித்தான் இன்று வண்டி ஓட்டுகிறான்.

ஆனால் அனுமானம் அதற்கு ஆதாரமான ஏதுவின் நேர்மையைப் பொறுத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, கொதியில் புரண்டு சமமாக வெந்த பானைக்குப் பொருந்தும். ஜல்லிக் குவியல் அப்படியல்ல. கொட்டும்போதே பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்குப் போகும், பொடி நடுவில் தங்கும். ஓரத்தில் ஒரு கூடை அள்ளினால் அது குவியலைச் சொல்லாது. சுத்தமான கற்களாகப் பொறுக்கிக் கொடுத்தால் பொய்யே சொல்லும். தருக்கநூலார் ஏதுப்போலி (போலிக் காரணம்) என்று எச்சரித்த குற்றத்துக்கு இது நெருங்கிய உறவு. இங்கே அளவையியல் அறத்தோடு சேர்கிறது: உருளை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கூடை பொய்யானால் முடிவும் பொய்.

அதனால்தான் குவியலின் பல இடங்களிலிருந்து அள்ளியதைத் தரையில் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நான்கு பங்காகப் பிரிக்கிறார்கள். எதிரெதிர் இரண்டு பங்குகளை ஒதுக்கி, மீதியை மறுபடி கலந்து, தேவையான அளவு வரும்வரை இதையே செய்கிறார்கள். ஒதுக்கும் பங்கோடு அதன் அடியில் கிடக்கும் பொடியையும் பெருக்கி எடுத்துவிட வேண்டும்; வைத்துக்கொள்ளும் பங்கின் பொடி ஒரு சிட்டிகைகூடக் குறையாமல் அதோடு சேர வேண்டும்.