திருத்தியதும் கைவிட்டதும்

எழுதியதைத் திருத்துகிறவன் முந்தைய பிரதியைக் கைவிட்டவன் ஆகிறானா? கவிதை சம்பந்தமாக இப்படிக் கேட்டால் நம் நண்பர்கள் நாலு இதழுக்கு விவாதிப்பார்கள். சிகாகோவில் ஒரு நீதிமன்றம் ‘ஆம்’ என்று பதில் சொன்னது. அந்தப் பதிலுக்குப் பின்னால் 2003இல் 52 கோடி டாலர் நஷ்டஈடு நின்றது.

இணையப் பக்கத்தைத் திரையில் காட்டுவது பிரௌசர். பக்கத்துக்குள்ளேயே, பார்க்கிறவன் இயக்கக்கூடிய இன்னொரு நிரலைப் பதித்துவைக்கும் யுக்திக்கு 1994இல் விண்ணப்பித்து, 1998இல் காப்புரிமை பெற்றது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அதன் உரிமத்தைக் கையில் வைத்திருந்த இயோலாஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது.

காப்புரிமைச் சட்டத்தில் ‘ப்ரையர் ஆர்ட்’ என்று ஒன்று உண்டு. புதிதென்று உரிமை கோரப்படும் விஷயம் ஏற்கெனவே உலகில் இருந்ததென்று காட்டிவிட்டால் உரிமை விழுந்துவிடும். மைக்ரோசாஃப்ட் காட்டியது, பெர்க்லியில் மாணவராயிருந்தபோது பெய் யுவான் வெய் எழுதத் தொடங்கிய வயோலா என்ற பிரௌசரை. 1993 மே 7 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் இருவருக்கு அதை அவர் இயக்கிக் காட்டினார். ரகசியம் காக்கச் சொல்லி எதுவும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. மே 31இல், திருத்திய பிரதியை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். வழக்குக் கட்டில் முதலாவதற்கு டிஎக்ஸ் 34 என்று பெயர், திருத்தியதற்கு டிஎக்ஸ் 37.

34இலிருந்து 37க்குப் போய்விட்டார், ஆகவே 34 கைவிடப்பட்டது என்றது சிகாகோ நீதிமன்றம். வயோலாவை எடைபோட ஜூரிகளுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தள்ளி, மேம்படுத்துவது கைவிடுவதாகாது என்றது. மறுவிசாரணைக்குமுன் 2007இல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன.

முதல் தீர்ப்பை அசட்டுத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. உடைமையின் பார்வைக்கு அது இயல்பானதுதான். சொத்து என்றால் அசையாமல் நிற்கவேண்டும், எல்லைக்கல் நடுவதற்கு. செய்கிறவன் பிரக்ஞையிலோ 34 என்பது 37க்குள் உயிரோடிருக்கிறது. அடித்த வரிதான் அடுத்த வரியைக் கொண்டுவந்தது. நம் நன்னூல்கூட முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று வகை பிரித்ததே தவிர, வழி நூல் செய்தவனைத் திருடன் என்று சொல்லவில்லை. (பண்டிதர்களிடமிருந்து இதையாவது வாங்கிக்கொள்ளலாம்.)

என்னை உறுத்துவது மேல்நீதிமன்றத்தின் சரியான தீர்ப்பு. வெய் தன் வேலைக்குக் காப்புரிமை கேட்டவரல்ல. அவர் கேட்காததற்குச் சட்டத்தில் பெயரில்லை. இன்னொருவன் கோரிக்கையை உடைக்கும் சாட்சியமாக மட்டுமே, அதுவும் ஒரு ராட்சத நிறுவனத்தின் வக்கீல்கள் கையில், அவருடைய தாராளம் அர்த்தம் பெறுகிறது. அப்படியாவது விஷயம் பொதுவில் நின்றதே என்று கேட்கலாம். நியாயம். ஆனால் எதனால் நின்றது? பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், தேதி இருந்தது, பிரதி பத்திரமாக இருந்தது. வங்கிக் கவுன்டரில் நாளெல்லாம் தேதி முத்திரை குத்துகிறவன் நான். பதிவாகாத தொகை வந்த தொகையே அல்ல என்பது எங்கள் வேதம். கொடுக்கிறவனும் வட்டிக்கடைக்காரனைப்போலக் கணக்கு வைத்திருந்தால்தான் அவன் கொடுத்தது கொடுத்ததாகும் என்றால், கொடுப்பது என்ற காரியத்தின் ஸ்வரூபமே மாறிப்போகிறது.

வெய் அந்த இருவருக்கும் காட்டியதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 30 அன்று, வேர்ல்ட் வைட் வெப் பிறந்த ஜெனீவா ஆய்வுக்கூடமான செர்ன், அதன் நிரல்கள்மேல் தனக்குள்ள உரிமையைத் துறப்பதாக எழுதிக் கையெழுத்திட்டது. ஸ்தாபனத்துக்குத் தெரிந்திருக்கிறது, துறப்பதற்கும் பத்திரம் வேண்டுமென்று. தனி மனிதன் அதையெல்லாம் யோசித்துக்கொண்டா வேலை செய்வான்? யோசித்தால் வேலை நடக்குமா?

இயோலாஸ் பிறகு வேறு பல கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில், டெக்ஸஸ் மாநிலம் டைலரில், வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ சாட்சி சொன்னார். வெய்யும் கூண்டேறி, பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு மே மாதத்தைப் பற்றிச் சொன்னார். ஜூரிகளுக்கு முன்னிருந்த கேள்வி உரிமை செல்லுமா, செல்லாதா என்பது. செல்லாது என்றார்கள். 2013இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. செல்லாமல் போன காப்புரிமையின் சொந்தக்காரர், வெய் படித்த அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்.