ஒலியின் பேரில்

ஒன்றை விரும்புகிறோம், ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்கிறோம். சொல்கிற காரணமும் விரும்ப வைத்த காரணமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டும் வேறாக இருக்கும்போது அங்கு நடப்பது பொய்யா, அறியாமையா, அல்லது இரண்டிலும் சேராத வேறொன்றா? இலக்கியத்தை முன்வைத்து இந்தக் கேள்வியை எழுப்பினால் உடனே பெயர்களும் கோபங்களும் வந்துவிடும். ஆகவே கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு யந்திரத்தின் மேல் சிலர் வைத்திருக்கும் பிரியத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

யந்திரம், 1970களின் ஸ்டீரியோ ரிஸீவர். வானொலி அலையைப் பிடிக்கும் ட்யூனர், ஒலியின் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி, ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கியது. பெரும்பாலும் ஜப்பானில் செய்யப்பட்டு, அதிகமாக அமெரிக்க வீடுகளுக்குப் போனது. மராண்ட்ஸ் 2270, பயனியர் எஸ்எக்ஸ்-1250, ஸான்ஸுயி 9090, கென்வுட் கேஆர்-9600 என்று பெயர்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் இவற்றைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, எது உயர்ந்தது என்று சண்டையிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மராண்ட்ஸின் முகப்பில் எரியும் நீல வெளிச்சம், விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் அலைவரிசை முழுவதும் தானே ஓடும் அதன் படுக்கைச் சக்கரம், பயனியரின் கனத்த அலுமினியக் குமிழ்கள் இவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் காரணம் கேட்டால் ஒன்றுதான் வரும்: ஒலி. இன்றைய யந்திரத்தில் இல்லாத ஒரு கதகதப்பு அந்த ஒலியில் இருக்கிறது என்பார்கள்.

இந்த யந்திரங்களின் கதையில் உண்மை என்ற பிரச்னை ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. 1970களின் தொடக்கம் வரை ஓர் ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை வாட் சக்தி என்பதை விற்பவன் தன் இஷ்டம்போல் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சத்தை அளந்து, இரண்டு சானலையும் கூட்டி, வரும் எண்ணைப் பெட்டியின் மேல் போடலாம். 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கு ஒரு விதி செய்தது. ஒவ்வொரு சானலுக்கும் தொடர்ந்து எத்தனை வாட், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்று சொல்லியாக வேண்டும். அதோடு, அளப்பதற்கு முன் சொன்ன சக்தியின் மூன்றில் ஒரு பங்கில் யந்திரம் ஒரு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் அதிகம் சூடாவது ஏறக்குறைய அந்த நிலையில்தான். சூட்டைத் தாங்கப் பெரிய உலோகத் தகடுகள் வேண்டும், சளைக்காமல் மின்சாரம் தரப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இன்று ரசிகன் கையில் தூக்கிப் பார்த்து மெச்சும் அந்தக் கனத்தில் ஒரு பகுதி, உண்மை சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் வந்தது. (பிறகு 2000இல் அந்த மூன்றில் ஒரு பங்கு எட்டில் ஒரு பங்காகத் தளர்ந்தது, 2024இல் விதி மறுபடி இறுக்கப்பட்டு எல்லாருக்கும் ஒரே அளவுமுறை வந்தது.)

உண்மையான எண் கிடைத்ததும் எண்ணே பந்தயமாயிற்று. 1974இல் பயனியரின் பெரிய ரிஸீவர் சானலுக்கு 100 வாட். 1976இல் 160. 1978இல் எஸ்எக்ஸ்-1980 வந்தது: 270 வாட், எடை சுமார் 35 கிலோ. மராண்ட்ஸ் 2600 சானலுக்கு 300 வாட் என்றது. ஒரு சாதாரண அறையில் சாதாரணமாகக் கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஒரு வாட்டோ இரண்டு வாட்டோதான். மற்றதெல்லாம் எண். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் அறுந்துவிட்டது.

சக்தியில் நடந்தது சிதைவிலும் நடந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியேறுவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே செலுத்தி, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்யும் முறை உண்டு. இதை அதிகமாக்கினால் சிதைவின் எண் சரசரவென்று இறங்கும். ஃபின்லாந்தின் பொறியாளர் மத்தி ஒத்தாலா 1970இல் இதன் மேல் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். மாறாத ஒரு ஸ்வரத்தைச் செலுத்தி அளக்கும்போது எண் நன்றாக இருக்கிறது. சங்கீதமோ திடீர் திடீரென்று எழும்புவது. அந்தத் திடீரைப் பிடிக்க யந்திரத்துக்கு வேகம் போதாவிட்டால், அளவீட்டில் தெரியாத ஒரு சிதைவு அங்கே பிறக்கிறது என்றார். குற்றம் திருத்தும் முறையில் இல்லை, வேகக் குறைவில்தான் இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் அவரைத் திருத்தினார்கள். ஆனால் ரசிகன் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: கருவியை நம்பாதே, காதை நம்பு.

காதைத் தனியே நிறுத்திச் சோதித்தபோது என்ன ஆயிற்று? டேவிட் கிளார்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1982இல் ஒரு சோதனை முறையை விவரித்துக் கட்டுரை எழுதினார். எந்த யந்திரம் ஒலிக்கிறது என்று கேட்பவனுக்கும் தெரியாது, சோதிப்பவனுக்கும் தெரியாது. இது முதலாவதா இரண்டாவதா என்று மட்டும் சொல்லவேண்டும். 1987இல் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை இந்த முறையில் ஒரு பரீட்சை நடத்தியது. மலிவான ரிஸீவர் ஒன்றிலிருந்து மிக விலையுயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபயர் வரை வைத்தார்கள். வித்தியாசம் உண்டு என்று நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். நம்பத்தகுந்த விதத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சோதனையே செவிடாக இருக்கலாமே என்று வாதிடலாம், வாதிடவும் செய்தார்கள். ஆனால் இதே முறையில் இரண்டு வேறு ஸ்பீக்கர்களை வைத்தால் உடனே தெரிந்துவிடுகிறது. ஒலியின் உரத்தில் ஒரு சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலும் பிடிபடுகிறது. அது பிடிபடும் விதம்தான் விநோதம். உரத்துக் கேட்பதை நாம் ‘உரத்து இருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘தெளிவாக இருக்கிறது’, ‘நிறைவாக இருக்கிறது’ என்று உணர்கிறோம். ஆகவே செவி மந்தமில்லை. நல்ல நிலையில் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை, அவற்றின் சக்திக்கு உட்பட்டு ஓட்டினால், அவற்றுக்குள் கேட்கக்கூடிய வேற்றுமை அநேகமாக இல்லை என்றுதான் முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

அப்படியானால் கதகதப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி முகப்பில் உள்ள ‘லௌட்னஸ்’ பொத்தானிலிருந்து. குறைந்த உரத்தில் கேட்கும்போது தாழ்ந்த ஸ்வரங்களைக் காது இழந்துவிடுகிறது என்று 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்டவே அந்தப் பொத்தான். காதின் பலவீனத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்ட யந்திரம் அது. பின்னால் வந்த ‘தூய’ ஆம்ப்ளிஃபயர்கள் பல அந்தப் பொத்தானையும் திருகுகளையும் அகற்றின. இன்னொரு பகுதி வயதிலிருந்து வருவதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் காலப்போக்கில் உலர்ந்துபோகின்றன, மதிப்பு மாறுகின்றன, ஒலியும் சற்று மாறலாம். மிச்சம் அந்த நீல வெளிச்சத்திலிருந்து, கையில் உணரும் கனத்திலிருந்து, இருட்டிய அறையிலிருந்து.

ரசிகனின் சொந்தக் காரியமே அவன் வாதத்துக்கு எதிர்சாட்சி சொல்கிறது. அவன் செய்யும் முதல் வேலை கண்டென்சர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்பான். வயதால் வந்த கதகதப்பு என்றால் அது அந்த நிமிஷமே போயிற்று. பிறந்த நாளிலிருந்தே இருந்த கதகதப்பு என்றால், அந்த யந்திரம் தன் காலத்துக் குறிப்பேட்டில் சொல்லிக்கொண்டது நேர் எதிரானதை: நான் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை என்று. ஹை-ஃபிடலிட்டி என்ற சொல்லே விசுவாசத்தைக் குறிப்பது. தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு சங்கீதத்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சொன்ன யந்திரத்தை, அது தன் குரலைக் கலந்ததற்காக இவன் நேசிக்கிறான். ஒன்று யந்திரம் பொய் சொல்லியிருக்கிறது, அல்லது இவன் சொல்கிறான்.

இங்கே இரண்டு சுலபமான விடைகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, இதெல்லாம் பாசாங்கு என்று சிரித்துவிட்டுப் போவது. மற்றது, அவனுக்கு அப்படிக் கேட்கிறது என்றால் அவனுக்கு அது உண்மை, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவது. இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. முதலாவது அவன் அனுபவத்தையே மறுக்கிறது. அவன் நடிக்கவில்லை, இதமாகத்தான் கேட்கிறான். இரண்டாவது, அனுபவம் உண்மையாகிவிட்டதால் அதற்குச் சொன்ன காரணமும் உண்மையாகிவிட்டது என்று நினைக்கிறது. அனுபவம் அவனுடையது, அதைப் பிறர் திருத்த முடியாது. காரணம் அப்படியல்ல. ‘ஒலி இப்படி இருக்கிறது’ என்று சொன்ன உடனே அவன் தன்னைப் பற்றிப் பேசுவதை விட்டு உலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். அங்கே அவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன்.

கணக்குக் காட்டாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. காரணம் ஒலியில் இருக்கிறது என்று ஆனபின், அதைக் கேட்காதவனுக்குக் காது இல்லை என்றுதான் ஆகவேண்டும். பிரியம் அவமதிப்பாக மாறுகிறது. கேட்பவனும் நிம்மதியாக இல்லை. இதைவிட நல்ல ஒலி வேறெதிலாவது இருக்குமோ என்று 2270ஐ விற்று 2325, அதை விற்று இன்னொன்று என்று போகிறான். தான் தேடுவது ஒலி இல்லை என்று தெரியாததால் அவன் தேட்டம் முடிவதில்லை. அடுத்த நஷ்டம், யந்திரத்தின் உண்மையான சரித்திரம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இந்தத் தலைமுறை யந்திரங்களும் இவற்றுக்குச் சற்று முந்தியவையும் அமெரிக்காவுக்குப் போன வழிகளில் ஒன்று ராணுவம். வியட்நாம் போர்க் காலத்தில் ஆசியத் தளங்களில் இருந்த சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் மலிவாக வாங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கதகதப்பில் ஒரு போரின் சம்பளமும் இருக்கிறது. ‘ஒலி’ என்று சொல்லும்போது இதெல்லாம் கழுவப்பட்டுவிடுகிறது.

எதிர்த்தரப்பில் ஒரு பலமான வாதம் உண்டு; அதைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பொய்க் காரணம் இல்லாவிட்டால் அவன் உட்கார்ந்து கேட்டிருப்பானா? கண்டென்சரை மாற்றியபின் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று விளக்கை அணைத்துவிட்டு, ஓர் இசைத்தட்டை முதலிலிருந்து கடைசி வரை, வேறு எதுவும் செய்யாமல் கேட்கிறான். சங்கீதம் பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிற உலகத்தில் இப்படிக் கேட்பவர்கள் எத்தனை பேர்? யந்திரத்தைக் கேட்கிறேன் என்று உட்கார்ந்தவன் சங்கீதத்தைக் கேட்டுவிட்டான். அப்படிக் கேட்டால் எந்த யந்திரமும் இதமாகத்தான் கேட்கும். கவனத்தின் பலனை அவன் டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கில் வரவு வைக்கிறான். கவனம் வந்ததென்னவோ டிரான்ஸ்ஃபார்மரின் சாக்கில்தான். இதை வெறும் பொய் என்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை.

இனி நம் பக்கம் வரலாம். 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். 1929இல் அது ‘ப்ராக்டிகல் கிரிடிசிஸம்’ என்று புத்தகமாக வந்தது. டன், ஹாப்கின்ஸ் ஆகியோரின் கவிதைகளைப் பலர் ஒதுக்கினார்கள். மறக்கப்பட்டுவிட்ட சிலருடைய செய்யுள்கள் பாராட்டுப் பெற்றன. இதிலிருந்து, கவிதைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று ரிச்சர்ட்ஸ் முடிவு கட்டவில்லை. படிக்கத் தெரியவில்லை என்றுதான் கட்டினார். ஒரே மாதிரியான சோதனை. ஒரு இடத்தில் பொருள்களுக்குள் பேதமில்லை என்று காட்டுகிறது, இன்னொரு இடத்தில் வாசகனிடம் பயிற்சியில்லை என்று காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் எது எது என்று பிரித்துச் சொல்ல ஸ்பீக்கர் என்ற உரைகல் நமக்கு இருந்தது. கவிதைக்கு அப்படி ஓர் உரைகல் இல்லை. அதனால்தான் இலக்கியத்தில் சாக்குகள் நீண்ட நாள் உயிர் வாழ்கின்றன. ஒரு கவிதை பிடித்துப் போனதற்கு அதன் படிமத்தையும் இறுக்கத்தையும் காரணமாக எழுதுகிறோம். அது வந்த பத்திரிகை, அதைக் கையில் கொடுத்த நண்பன், அப்போது நமக்கு இருந்த வயது இவற்றை எழுதுவதில்லை. இவை விமர்சனம் ஆகா என்பது சரிதான். ஆனால் எழுதத் தகாதது என்பதற்காக இல்லாதது என்று ஆகிவிடாது.

காரணம் தவறு என்று தெரிந்தபின் அந்த ரசிகன் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பரீட்சையில் தன் 2270ஐத் தன்னாலேயே இனம் காண முடியவில்லை என்று அறிந்த பிறகு அதை விற்றுவிடுகிறவன் ஒருவன். அவன் நேசித்தது தன் காதை. இன்னொருவன் வீட்டுக்கு வந்து அதன் விசையைப் போடுகிறான். நீல வெளிச்சம் வருகிறது. தட்டை வைத்துவிட்டு உட்காருகிறான். இப்போதும் இதமாகத்தான் கேட்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: அடுத்த வீட்டுக்காரனுக்குக் காது இல்லை என்று இனி அவனால் சொல்ல முடியாது. ஏன் இதை வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், ஒலியின் பேரைச் சொல்லாமல், வேறு ஏதாவது ஒன்றை, சொல்லக் கொஞ்சம் வெட்கமான ஒன்றை, அவன் தேடிச் சொல்லவேண்டியிருக்கும். விமர்சனம் எழுதுகிற நாமும் எப்போதாவது அந்த இடத்தில் நின்று பேசிப் பார்க்கலாம்.