நாலரையா, அஞ்சரையா?

தம்பி மகன் ஏர் கன் வாங்கப் போகிறான். கழுகுமலைக்குக் கிழக்கே எங்கள் காடு. கரிசல், மானாவாரி, மக்காச்சோளம். புரட்டாசியில் விதை ஊன்றிய மறுநாள் விடியும் முன்பே மயில் வந்துவிடுகிறது. சும்மா மேய்வதில்லை. சால் பிடித்து நடந்து, குழிக்குக் குழி கிளறி, விதையை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகிறது. தப்பி முளைத்தது கதிரானால், பால் பிடிக்கும்போது திரும்ப வருகிறது. அவன் கோபத்தில் நியாயம் உண்டு.

அவன் என்னிடம் கேட்டது வேறு. "பெரியப்பா, நாலரை எடுக்கவா, அஞ்சரை எடுக்கவா? கடைக்காரரு அஞ்சரைன்னா ஒரே அடில விழுந்துரும், துடிக்காதுங்கிறாரு. நாலரைன்னா சும்மா சுள்ளுனு படும், பயந்து ஓடிரும், சாகாதுங்கிறான் கூட்டாளி. எதுல பெரியப்பா பாவம் கொறச்சல்?"

தமிழ் வாத்தியாராக இருந்தவனிடம் துப்பாக்கிக் கணக்குக் கேட்கிறானே என்று சிரித்தேன். பிறகு யோசித்தால் கேள்வி லேசுப்பட்டதில்லை.

ரவையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஈயம். தலை உருண்டு, இடுப்பு சிறுத்து, அடிப்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து குழிவாக இருக்கிறது. காற்று அந்தக் குழிக்குள் அடைத்துத்தான் அதைத் தள்ளுகிறது. 4.5 மில்லிமீட்டர் ரவை ஏறக்குறைய அரை கிராம், 5.5 ஏறக்குறைய ஒரு கிராம். ஒரே விசையில் தள்ளினால் சின்னது வேகமாக, நேராகப் போகும். பெரியது மெதுவாகப் போய்த் தாழும், ஆனால் பட்ட இடத்தில் பலமாக இடிக்கும். மயில் போன்ற பெரிய பறவைக்குள் சின்ன ரவை புகுந்தால் அது அங்கேயே விழாது. பறந்துபோய் ஏதாவது உடைமரப் புதருக்குள் கிடந்து, சீழ் வைத்து, நாள்கணக்கில் சாகும். ஆக, கூட்டாளி சொன்ன 'சாகாது' என்பது 'நம் கண்முன் சாகாது' என்பதுதான். கடைக்காரர் சொன்னதில் உண்மை கூடுதல். இரக்கம் கூடுதலா என்றுதான் தெரியவில்லை.

சட்டம் இதில் சுற்றி வளைக்கவில்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5-க்கு மேற்பட்ட குழலுக்கும், 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலுக்கும் லைசென்ஸ் வேண்டும். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எந்த ரவையால் கொன்றாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆனால் அவன் கேட்டது ஜெயிலைப் பற்றி இல்லை, பாவத்தைப் பற்றி.

அதற்கு எங்கள் மலையிலேயே பதில் தேடலாம். வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறவர்கள் அதிகம். பாறையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களையும் பாருங்கள். பாண்டியர் காலத்தவை. கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்கள் பெயர். தச்சரும் குயவரும் உழவரும் அதில் உண்டு. உழுதால் மண்ணுக்குள் எத்தனை உயிர் போகும் என்று தெரிந்த சமயம், உழுகிறவனை வெளியே நிறுத்தவில்லை.

எப்படி என்றால், இல்லறத்தாருக்குச் சமணம் இம்சையை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. அடுப்பெரிக்க, வீடு கூட்டச் சாகிற உயிர் ஒன்று; தொழிலில் சாகிறது ஒன்று; தாக்க வருபவனை எதிர்க்கையில் நேர்வது ஒன்று; கொல்வேன் என்று எண்ணிச் செய்வது நான்காவது. முதல் மூன்றையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. நான்காவதை விடச் சொல்கிறது.

பையன் விவரமானவன். "அப்ப மயில் நம்மளத் தாக்குது, நான் எதுக்கிறேன், மூணாவதுதான பெரியப்பா?" என்றான்.

இல்லை. பயிருக்குள் மயிலைக் கண்டு, கைக்குக் கிடைத்ததை எறிந்தால் மூன்றாவது என்று வாதாடலாம். கடையில் நின்று, எது பட்டால் எப்படி விழும் என்று விசாரித்து, அளவு பார்த்து ரவை வாங்குகிறவன் நான்காவதில் நிற்கிறான். 'பாவம் குறைந்த ரவை எது' என்று கேட்கும்போதே கொலை முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது அதை எவ்வளவு நாகரிகமாகச் செய்வது என்பதுதான். திருக்குறளில் கொல்லாமை 33-ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் வெகுளாமை, இன்னா செய்யாமை. அந்த வரிசை எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அவன் விடவில்லை. "படைப்புழுவுக்கு மருந்தடிக்கோமே, அது எண்ணிச் செய்யாமயா?" இதற்கு ஐம்புலன் உயிர், ஈரறிவு உயிர் என்று சமண நூலில் படிநிலை உண்டு; தொல்காப்பியத்திலும் உண்டு. அவனுக்கு அதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு முழுத் திருப்தி இல்லை. மயிலுக்காக வாதாட ஆள் இருக்கிறது, புழுவுக்கு இல்லை என்பதும் இதில் கலந்திருக்கிறது. மருந்தைக் குறைக்கலாம் என்பதுவரைதான் என்னால் நேர்மையாகப் போக முடிகிறது.

ஆனால் பயிரைக் காப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. கீழே கோயிலில் முருகன், கழுகாசலமூர்த்தி. அவருக்கு வாகனம் மயில். அவர் மனைவி வள்ளியோ பரண்மேல் நின்று தினைப்புனம் காத்தவள், ஆலோலம் பாடிக் கிளி ஓட்டியவள். பயிரைக் காத்தவளும் பயிரைத் தின்கிறதும் அந்த ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மலைமேல் பார்சுவநாதர் சிற்பம் இருக்கிறது. தவத்தில் நின்றவர்மேல் கமடன் பாறையைத் தள்ள வந்தான் என்பது கதை. காக்க வந்த நாகராசன் தரணேந்திரனிடம் நஞ்சு இருந்தது. அவன் கமடனைக் கடிக்கவில்லை. அவர் தலைக்குமேல் படத்தை விரித்தான்.

படம் விரிக்க நமக்குப் பழைய சேலை இருக்கிறது. காட்டைச் சுற்றிக் கம்பு ஊன்றிக் கட்டலாம். காற்றில் சடசடக்கும் பளபளப்பு நாடாவும் கட்டலாம். நாலு நாளில் மயில் பழகிவிடும் என்பது உண்மைதான். அப்போது இடம் மாற்றிக் கட்ட வேண்டும். விதை ஊன்றி முளை தேறும்வரை விடிகாலையில் ஆள் நின்று தகரம் தட்டவும் வேண்டும். தூக்கம் கெடும். ஏர் கன் விற்பதே அந்தத் தூக்கத்தை நம்பித்தான்.

அவனுக்கு என் பதில் இதுதான். ஆசையாக இருந்தால் 4.5 வாங்கு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் துப்பாக்கிச் சுடுதல் உலகக் கோப்பையில் தங்கம் சுட்டது அந்த அளவில்தான். பத்து மீட்டரில் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், வாழ்நாளுக்கும் போதும். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டை வைத்துச் சுடு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை. காட்டுக்கு அது வர வேண்டாம். ரவை ஈயம்; தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு.