துஆக் கேட்டு அனுப்பிய படம்

நல்ல நிய்யத்தோடு செய்த காரியம் பிறருக்குத் தீங்காய் முடிந்தால், அதற்கு நாம் பொறுப்பாளிகளா? சென்ற ஆண்டு முதல் என் மனத்தை அரித்துவரும் கேள்வி இது.

என் அக்காளின் கணவர் திண்டிவனத்தில் சிறு கடை வைத்திருப்பவர். திடீரென நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். செய்தி கேட்டதும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி ஓடினேன். மூக்கில் குழாயோடு கிடந்தவரைக் கண்டதும் துக்கம் தாளவில்லை. கைப்பேசியில் படமெடுத்து, நோயின் பெயரையும் எழுதி, துஆச் செய்யுங்கள் என்று எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அதிலிருந்து யாரோ ஃபேஸ்புக்கிலும் ஏற்றிவிட்டார்.

அல்லாஹ்வின் கிருபையால் மச்சான் குணமடைந்தார். ஆனால் அவர் வீடு திரும்புமுன்பே, மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் தட்டிப்போயிற்று. அந்தக் குடும்பத்தில் இப்படியொரு நோயாமே என்பதுதான் காரணம்.

பார்க்கச் சென்ற என்னிடம் அவர் கோபப்படவில்லை. “துஆக் கேட்டது நல்ல காரியம் மாப்பிள்ளை. நான் கண் விழித்துத்தானே கிடந்தேன்? ஊருக்குச் சொல்லட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்புச் சகோதரர்களே, பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக்கூடாதென்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டுமென்றும் சூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவின் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்பட்டதென்று நாயகம் அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. துவாரத்தில் எட்டிப் பார்த்தவர் தம் கண்ணால் மட்டும் பார்த்தார். நானோ கதவையே கழற்றி வைத்து, ஊரையெல்லாம் அழைத்துக் காட்டிவிட்டேன்!

குழுவில் இருப்பவர்கள் நம்மவர்கள்தாமே என்று சிலர் கேட்கலாம். வாட்ஸ்அப் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாதபடி 2016 முதல் பூட்டிட்டு அனுப்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பூட்டு வழிக்குத்தான். பெறுபவரின் கைக்கு அல்ல. ஒரு குழுவில் ஆயிரம் பேர்வரை இருக்கலாம். அவர்களில் ஒருவர் படத்தைச் சேமித்துக்கொண்டால், பிறகு நாம் அழித்தும் பயனில்லை.

2018-ல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் வந்த ஒரு வினாவிடைச் செயலியின் வழியாக அந்த நிறுவனத்துக்கு மக்களின் விவரங்கள் போய்ச் சேர்ந்தன. உலகெங்கும் அச்செயலியை ஏற்றவர்கள் சுமார் 2,70,000 பேர். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்ன எண்ணிக்கையோ 8 கோடியே 70 இலட்சம்! இந்தியாவில் மட்டும் 5,62,455 பேர். இவர்களில் தாமாகச் செயலியை ஏற்றவர்கள் 335 பேர்தாம். மற்றவர்கள் செய்த தவறு என்ன? ஏற்றுக்கொண்டவர்களுக்கு நண்பர்களாக இருந்ததுதான். ஒருவன் தன் கதவைத் திறந்தான்; அண்டை வீடுகளும் திறந்துகொண்டன. நம் கையிலுள்ள விவரம் நம்முடையது மட்டுமல்ல. பிறருடைய அமானிதமும் அதில் கலந்திருக்கிறது.

தப்புச் செய்தவனுக்குத்தானே மறைப்பு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நோய் தப்பா? கடன் தப்பா? வயது வந்த மகள் வீட்டிலிருப்பது தப்பா? எதிலும் பாவமில்லை, ஆயினும் மானமுள்ளவர்கள் மூடித்தான் வைப்பார்கள். நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பேசியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்ன பேச்சும் அமானிதமே என்று நபிமொழி மூலம் அறிந்த நமக்கு இது புதிதல்லவே!

ரமளானில் அரிசிப் பை கொடுத்து, வாங்கும் விதவைத் தாயைப் படமெடுத்துப் பரப்புகிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது நமக்குக் கிடைத்த போதனை. கொடுப்பவனுக்கே மறைவு சிறப்பென்றால், வாங்குபவரின் முகத்தைக் காட்ட நமக்கு உரிமை தந்தவர் யார்? பிறரையும் தர்மம் செய்யத் தூண்டத்தான் போடுகிறோம் என்பார்கள். நானும் துஆவுக்காகத்தான் போட்டேன். நிய்யத்து நம்முடையது, மானம் அவர்களுடையது. நம்முடையதைக் கொண்டு அவர்களுடையதைச் செலவழிக்க முடியாது.

ஆகவே, பிறர் படத்தையோ செய்தியையோ அனுப்புமுன் அவரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். கேட்க முடியாத நிலையில் கிடந்தால், பெயரும் படமும் இல்லாமல், நோயாளி ஒருவருக்காக துஆச் செய்யுங்கள் என்று எழுதினாலே போதும். யாருக்காக என்பதை அல்லாஹ் அறிவான்.

மச்சானிடம் மாப்புக் கேட்டேன், மன்னித்தார். அவர் சம்மதம் பெற்றே, நோயின் பெயரை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மருமகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. அவளுக்காக இப்போதும் துஆக் கேட்கிறேன். குழுவில் அல்ல, ஸஜ்தாவில்.