குழலின் மேல் ஒரு பெயர்

ஒரு துப்பாக்கியின் தோட்டா அறையை மாற்றிக் கடைவது அற விசாரணைக்கு உரிய விஷயமா என்று கேட்கலாம். உரியது என்றே எனக்குப் படுகிறது. அறம் பற்றிய நம் பேச்சு கொல்லலாமா, கூடாதா என்ற இடத்தில் தொடங்கி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வருவது அதற்கு வெகு முன்னால், பட்டறையில், கடைசல் இயந்திரத்தின் முன் நடக்கிற ஒரு காரியம். அதில் யாரும் சாவதில்லை. எஃகில் ஒரு துளை சற்றே பெரிதாகிறது, அவ்வளவுதான்.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டை ரைபிளின் குழலுக்குப் பின்கோடியில் தோட்டா போய் உட்காரும் அறை ஒன்று இருக்கிறது. அது தோட்டாவின் வடிவத்தையே கொண்டது: அடி, உடல், தோள், கழுத்து. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்து நிறுத்துகிறது; அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வருகிறது. இந்தச் சிறு மூச்சு நடப்பதற்கு அறைக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு மயிரிழைதான் அனுமதி. அறையை மாற்றுவதென்றால் ரீமர் என்ற கருவியை உள்ளே விட்டுச் சுரண்டிப் புதிய வடிவம் கொடுப்பது. எஃகை எடுக்கலாம்; எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. எனவே புதிய அறை எல்லாப் பக்கத்திலும் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் குழலின் பின்பகுதியை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அப்படிக் கடைந்த அறைக்கு எந்தத் தொழிற்சாலையும் தோட்டா செய்வதில்லை என்றால் அந்தத் தோட்டாவுக்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர்: காட்டுப்பூனை. கடைத் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கியோ தோளை உயர்த்தியோ சுடுபவனே அதைச் செய்துகொள்ள வேண்டும். சில காட்டுப்பூனைகள் பின்னால் வீட்டுப்பூனையாகிவிடுவதும் உண்டு. பல வருஷம் தனியார் பட்டறைகளில் திரிந்த .22-250ஐ 1965இல் ரெமிங்டன் கம்பெனி தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சிறு பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதை பரிச்சயமானதுதான்.

வாயால் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தப் பிரச்னை கிடையாது. அதற்கு அறையே இல்லை. நரிக்குறவர் கையிலிருந்த துப்பாக்கியில் மருந்தின் அளவும் ரவையின் அளவும் ஒவ்வொரு முறையும் கையால் தீர்மானிக்கப்பட்டன. 1752இல் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது இரு தரப்பும் பிடித்திருந்த மஸ்கெட்டுகளும் அந்த ஜாதிதான். குழலுக்குள் நுழையும் எந்த ஈய உருண்டையும் அதற்குச் சம்மதம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ‘இதற்கு இதுதான்’ என்ற உறவு வந்தது பித்தளைக் கூடு வந்த பிறகு. அதோடு பெயரும் வந்தது. குழலின் மேல் தோட்டாவின் பெயரைப் பொறித்தே தீர வேண்டும் என்றாயிற்று. ஏனென்றால் அறை கண்ணுக்குத் தெரிவதில்லை, பெயர்தான் தெரிகிறது.

பிரச்னை இங்கேதான். அறையை மாற்றியவன் பெயரை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? அவன் கையில் ஒன்றும் ஆகாது, அவனுக்குத் தெரியும். ஆனால் எஃகு மனிதனைவிட நீண்ட ஆயுள் கொண்டது. அவன் போன பிறகு மகனோ, ஏலத்தில் எடுத்தவனோ குழலைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் தோட்டாவை வாங்கிப் போடுகிறான். தனக்குப் பொருந்தாத அறையில் பித்தளை விரிகிறது, தாங்குவதற்குச் சுவர் இல்லாமல் கிழிகிறது. வாயு பின்பக்கமாக, கன்னத்தைப் பதித்துக் குறி பார்க்கிறவன் முகத்தை நோக்கி வருகிறது. அவன் செய்த ஒரே காரியம் எழுத்தை நம்பியது.

‘என் பொருள், என் இஷ்டம்’ என்ற வாதம் இந்த இடத்தில் செல்லாது. பொருள் என்னுடையதாக இருப்பது கொஞ்ச காலம்தான். பாகூரிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அந்த ஊர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது தெரிந்த விஷயம்தானே, எதற்குச் செம்பில் வெட்ட வேண்டும்? இன்னும் பிறக்காதவன் ஒருவன் வந்து கேட்பான் என்பதற்காக. உலோகத்தில் எழுதுவதென்பது முன்பின் தெரியாதவனுக்கு எழுதும் கடிதம்.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். சுரண்டி அழிப்பது குற்றம். 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 87ஆவது பிரிவு, சம்மதம் பெறாமல் முக்கியமான திருத்தம் செய்யப்பட்ட பத்திரம், திருத்தத்துக்கு முன்பே அதில் சம்பந்தப்பட்டு அதற்குச் சம்மதிக்காதவரைப் பொறுத்தவரை செல்லாது என்கிறது. திருத்தம் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதா என்று அது முதலில் கேட்பதில்லை. சம்பந்தப்பட்டவனுக்குத் தெரியுமா, அவன் ஒப்பினானா என்றுதான் கேட்கிறது. அறவியலில் பெரிய புத்தகங்கள் தொடாத ஒரு நுட்பம் இந்தக் குமாஸ்தாச் சட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வில்லியனூர்ப் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தேன். பம்புசெட் எஞ்சின்களுக்கு ரீபோர் செய்வது அவர் தொழில். தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறார். துப்பாக்கி வேலை யாராவது கொண்டு வருவார்களா என்று கேட்டேன்.

“அது நாம கை வைக்கிற சாமான் இல்ல சார்,” என்றார்.

“ரீபோர் பண்றீங்க. நாளைக்கு வேற மெக்கானிக் பிரிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?”

“பிஸ்டன் தலையிலயே நம்பர் போட்டிருக்கும் சார், அம்பது, நூறுன்னு. அது இல்லன்னா அவன் ஸ்டாண்டர்டு ரிங்கை வாங்கிப் போட்டுட்டுத் திண்டாடுவான். நம்மளத்தான் திட்டுவான்.”

முகம் தெரியாத மெக்கானிக் தன்னைத் திட்டுவது பற்றி அவருக்கு அக்கறை இருக்கிறது. நான் இத்தனை பத்திகளில் சொல்ல முயல்வதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆனால் துப்பாக்கி விஷயம் அவ்வளவு லேசாக முடிவதில்லை. குழலின் மேலுள்ள எழுத்தைப் படிப்பவர்கள் இரண்டு பேர்: அடுத்துச் சுடப்போகிறவன் ஒருவன், சர்க்கார் மற்றவன். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வேறாக மாற்றித் தருவதோ பழுதுபார்த்துத் தருவதோ கூடாது. 8ஆவது பிரிவு அடையாளக் குறியை அழிப்பதையும் திருத்துவதையும் தடுக்கிறது. வாசிக்கும்போது பேரேட்டு விதி போலவே இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்களின் பூர்வீகத்தில் இருந்தது அடுத்தவன் முகத்தைப் பற்றிய கவலை அல்ல, பயம். வெள்ளைக்கார சர்க்கார் பயந்தது துப்பாக்கிக்கு அல்ல, தோட்டாவுக்கு. ராணுவத் தோட்டா வெளியில் கிடைத்தால் கிளர்ச்சிக்காரன் கையிலிருக்கும் திருட்டு ராணுவ ரைபிளுக்கு அது தீனியாகிவிடும். அதனால் .303 பொதுஜனத்துக்கு மறுக்கப்பட்டது. இஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பை ஆஸ்திரிய 8 மில்லிமீட்டர் மன்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்து .315 என்று விற்றது. நம் நாட்டில் பண்ணையார்கள் வீட்டில் இருந்த, இன்றும் சில வீடுகளில் இருக்கிற ‘த்ரீ ஒன் ஃபைவ்’ இதுதான். ஒரு சாம்ராஜ்யத்தின் சந்தேகம் துளையின் அளவாக உறைந்து நிற்கிறது.

இதைவிட விசேஷம் போலீஸுக்கும் சிறைக்காவலருக்கும் கொடுத்த .410 மஸ்கெட். .303 ரைபிளை எடுத்துக் குழலைப் பெரிதாக்கி, மாகஸின் இடத்தை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி ஆக்கினார்கள். அதன் தோட்டா .303 கூட்டைக் கழுத்தில்லாமல் நேராக்கியது. துப்பாக்கி பறிபோனாலும் எதிரிக்கு உதவக்கூடாது என்பது கணக்கு. சர்க்கார் தன் காவலனையே முழுதாக நம்பவில்லை.

மறுபக்கம் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 ரைபிள்களும் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் உடனே .470, .475 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1907இல் .465ஐ இறக்கியது. யானை மேல் படும்போது வித்தியாசம் ஏதுமில்லை. சட்டத்தின் மேல் படும்போதுதான் வித்தியாசம். இது சட்டத்தை ஏய்ப்பதுதான். ஆனால் .465க்குச் செய்த குழலில் அவர்கள் .465 என்றே எழுதினார்கள். சர்க்காரிடம் தந்திரம், சுடுகிறவனிடம் சத்தியம்.

ஆக, சட்டப்படி நடப்பதும் நேர்மையாக இருப்பதும் ஒரே கோட்டில் இல்லை. இப்போது அந்த இடுக்கில் நிற்பவனை யோசியுங்கள். அவனுடைய லைசென்ஸில் .315 என்றிருக்கிறது. அறையை அவன் வேறாகக் கடைந்துவிட்டான். புதிய பெயரைப் பொறித்தால் சர்க்காரிடம் மாட்டிக்கொள்வான். பொறிக்காவிட்டால் முகம் தெரியாத ஒருவன் முகத்தைப் பணயம் வைக்கிறான்.

காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலின் பிற்சேர்க்கையில் ஓர் அளவுகோல் தருகிறார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயல், அதன் நியதியைப் பகிரங்கப்படுத்தினால் ஒத்துவராது போகுமென்றால், அது அநீதி. அழகான அளவுகோல். ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டால் 1975க்கும் 1977க்கும் இடையில் ராத்திரியில் சைக்ளோஸ்டைல் செய்து கைமாறிய தாள்களையும் அநீதி என்று சொல்ல நேரிடலாம். அந்த ரகசியத்தைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வித்தியாசம் எங்கே? ரகசியம் யாருக்கு எதிராக வைக்கப்படுகிறது என்பதில். அதிகாரத்திடமிருந்து மறைப்பது ஒன்று. நம்பிக் கையில் எடுக்கப்போகிறவனிடமிருந்து மறைப்பது வேறு. முன்னதற்குக் காரணம் இருக்கலாம். பின்னதற்கு எந்தக் காரணமும் போதாது. இரண்டையும் பிரிக்க முடியாத இடத்தில், அதாவது சர்க்காருக்கு மறைத்தால் அடுத்தவனுக்கும் மறைந்துபோகும் இடத்தில், ரீமரைக் கீழே வைத்துவிடுவதுதான் வழி. பெயர் பொறிக்க முடியாத மாற்றத்தைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

ரைபிளுக்கு இன்று நம் பக்கம் வேலை இல்லை என்று சொல்லலாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பெயரளவில்தான். ஊசுட்டேரியைப் புதுவை அரசு 2008இலேயே பறவைகள் சரணாலயமாக்கிவிட்டது. ஆனால் அறையை மாற்றிவிட்டுப் பழைய பெயரை விட்டுவைப்பது துப்பாக்கியோடு நிற்கிற பழக்கம் அல்ல. சொற்களிலும் அதைச் செய்கிறோம்.

‘கற்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தில் களவியலும் கற்பியலும் அடுத்தடுத்த இயல்கள். களவு பிறர் அறியாத காதல். கற்பு ஊரறிந்த இல்வாழ்க்கை. அகவாழ்க்கையின் ஒரு கட்டத்துக்குப் பெயராக அங்கே நின்ற சொல், பெண்ணின் உடம்பில் மட்டும் வைத்துப் பார்க்கிற அளவுகோலாக இறுகிவிட்டது. குழலின் மேல் எழுத்து மாறவில்லை. உள்ளே அறை மாறிவிட்டது. தொன்மையின் முத்திரையை நம்பியே இந்தப் புதிய தோட்டாவைப் போட்டுக் கெட்டிக்கிறோம். வெடித்ததெல்லாம் பெண்கள் முகத்தில். 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்த பாரதியும் இந்தச் சொல்லை மாற்றினார். ஆனால் அவர் செய்தது பகிரங்கத் திருத்தம். இரு பாலுக்கும் பொதுவாக்கச் சொன்னவர், மாற்றுகிறேன் என்று அறிவித்துத்தான் மாற்றினார். மரபு என்ற பெயரில் செய்யப்படும் மாற்றங்களையும் மரபை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யப்படும் மாற்றங்களையும் தராசில் வைத்தால், மரபுக்கு விசுவாசமானவர் பாரதி என்றுதான் படுகிறது.

சொல் விஷயத்தில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ரைபிளின் அறையைக் கடைந்தவன் ஒரு ஆள்; பொறுப்பை அவன் மேல் போடலாம். சொல்லின் அறையைக் கடைந்தது பல நூற்றாண்டுகள், பல உரைகள், பல வீடுகள். பெயர் பொறித்திருக்க வேண்டியவன் யார் என்று தேடினால் யாரும் அகப்படுவதில்லை. அப்போது பொறுப்பு, கையில் எடுக்கிறவன் பக்கம் வந்துவிடுகிறது.

துப்பாக்கி வேலைக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. பூர்வோத்தரம் தெரியாத ரைபிள் வந்தால், குழலின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அதை நம்பித் தோட்டா போடுவதில்லை. கந்தகத்தை உருக்கி அறைக்குள் ஊற்றுகிறார்கள். ஆறியதும் அது அறையின் வடிவத்தில் கட்டியாக வெளியே வருகிறது. அதை அளந்து பார்த்த பிறகுதான் இது உண்மையில் எந்தத் துப்பாக்கி என்று சொல்கிறார்கள். விமர்சனம் என்று நாம் செய்வதாகச் சொல்லிக்கொள்வதற்கு இதைவிடச் சரியான வர்ணனை எனக்குக் கிடைக்கவில்லை. நாற்றமடிக்கிற வேலை, சுட்டுக் காட்டுகிறவனுக்குக் கிடைக்கிற கைதட்டலும் இதில் கிடையாது. அளந்து முடித்ததும், அளந்ததை அந்தக் குழலின் மேலேயே எழுதிவைக்க வேண்டியது மட்டும் பாக்கி.