விழித்திருப்போரும் உறங்குவோரும்

ஊர் உறங்கச் சிலர் விழித்திருக்கின்றனர். உறங்குவோர் அவர்களுக்குக் கடன்பட்டவர் ஆவரா? இஃது அறநூல் வினா மட்டுமன்று. நம் தாமான்களின் வாழ்க்கை வினாவும் ஆகும்.

மலேசியாவில் 1975-ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பெற்றபோது இரவுக் காவல் சட்டத்தின் கட்டளையாக இருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி ஆடவர் முறைவைத்துத் தெருக்களைச் சுற்றிவந்தனர். பின்னர் அக்கட்டாயம் நீங்கிற்று. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இன்று நடைபெறும் சுற்றுக்காவல் தன்னார்வப் பணியாகும்.

விரும்பிச் செய்வதே அறம் என்பர். உண்மையே. தண்டனைக்கு அஞ்சி வருபவனின் கால் தெருவில் நடக்கும். கருத்தோ கட்டிலில் கிடக்கும். ஆயினும் கட்டாயத்தில் ஒரு நீதி இருந்தது. சுமை பலர்க்கும் பகிரப்பட்டது. இன்றோ முன்வரும் சிலர் தோளிலேயே அது முழுதும் விழுகின்றது. வராதவர் வீட்டை மட்டும் காவாது விடுதல் அவர்களுக்கு இயலாது. தெருவைக் காத்தால் எல்லார் வீடும் காக்கப்படும். இப்பொதுநலனே சிலர் சோம்பலுக்கும் இடந்தருகின்றது.

எனவே விருப்பம் என்பதைக் கடமையினின்று பெற்ற விடுதலையாகக் கொள்ளலாகாது. கடமையைச் செய்யும் வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே அது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் இரவில் ஆலை வேலைக்குச் செல்வோர்க்கும் சுற்றுக்காவல் இயலாது. ஆனால், வாயில் விளக்கை ஏற்றி வைக்கலாம். வெளியூர் சென்ற அயலார் வீட்டின்மேல் கண் வைக்கலாம். காவலுக்கு வருவோர்க்குத் தேநீர் தரலாம்.

விழித்திருப்போரும் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் ஏற்றது பொறுப்பு; அயலாரை மிரட்டும் அதிகாரம் அன்று.

இயன்றதையும் செய்யாது உறங்குபவர், அயலாரின் உறக்கத்தைக் கடன்பெற்றே உறங்குகின்றார். அக்கடனைக் கேட்க எவரும் அவர் கதவைத் தட்டுவதில்லை. கேட்பார் இல்லாத கடனைத் தாமே உணர்ந்து தீர்ப்பதன்றோ அறம்?